கையொப்பமும் மனவொப்பமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

பகவான் மகாவீரரின் பிறந்தநாள் விழாவில் பத்திரம், சாட்சி, நோட்டரி முத்திரை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். இல்லறத்தார்க்கு விதிக்கப்பெற்ற அணுவிரதம் ஐந்தனுள் பொய்யாமையும் ஒன்று. அவ்விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துரைக்கிறது. அவற்றுள் ஒன்று கூடலேகக்கிரியை. அஃதாவது பொய்யாவணம் எழுதுதல். மற்றொன்று நியாசாபகாரம், அஃதாவது அடைக்கலப் பொருளைக் கவர்தல். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் இவ்விரண்டையும் குற்றமெனக் கூறுகிறது. அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பு தமிழ்ச் சமண இல்லங்களில் நெடுங்காலமாக ஓதப்பட்டு வருவது.

நியாசாபகாரத்திற்குப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் தரும் விளக்கம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. ஒருவர் தம் பொன்னை மற்றொருவரிடம் அடைக்கலமாக வைக்கிறார். காலம் கழிந்தபின் வைத்த எண்ணிக்கையை மறந்து, குறைத்துக் கேட்கிறார். வைத்திருப்பவர் பூட்டை உடைக்கவில்லை, பொய்க்கணக்கு எழுதவில்லை. கேட்டவர் சொன்ன குறைந்த தொகைக்கு, "ஆம், அவ்வளவுதான்" என்று தலையசைத்துவிடுகிறார். அந்தத் தலையசைப்பே குற்றம் என்கிறார் உரையாசிரியர். பிறருடைய மறதியைத் தமக்கு வருவாயாக்கிக் கொள்வது வாய்மை விரதத்திற்கு நேரும் ஊறு என்பதே இதன் பொருள்.

ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற அவ்விளக்கம் இன்று ஓசூரிலும் கிருட்டிணகிரியிலும் புதிய வடிவில் உயிர்பெற்று நிற்கிறது. அன்று அடைக்கலமாக இருந்தது பொன். இன்று வீடும் மனையும். அன்று மறந்தவர் அயலார்; இன்று மறப்பவர் பெற்ற தந்தை அல்லது தாய்.

எல்லை நிலத்தின் வரலாறு

தகடூர் நாடு என்று பண்டு வழங்கிய இந்நிலப்பகுதிக்குச் சமணம் புதியதன்று. நொளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், தகடூரில் எழுந்த பசதி ஒன்றுக்கு ஊர் ஒன்று கொடையளிக்கப்பெற்ற செய்தியைத் தருமபுரித் தூண் கல்வெட்டு கூறுகிறது. கொடையைக் கல்லில் வெட்டி ஊரறிய நிறுத்தியமைக்குக் காரணம் உண்டு. கொடுத்தவர் இன்னார், கொடுத்தது இன்னது என்பதில் பின்னாளில் எவருக்கும் ஐயம் எழலாகாது.

நம் குடும்பங்கள் அண்மைக் காலத்தில் இங்கு வந்த வரலாறு வேறு. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எனப் பெருந்தொழிற்சாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. வடாற்காடு, தென்னாற்காட்டுச் சிற்றூர்களிலிருந்து இளைஞர்கள் ஐ.டி.ஐ. சான்றிதழோடு வந்து இறங்கினர். வாடகை வீட்டில் வாழ்ந்து, சங்கக் கடன் பெற்று, இரண்டு சென்ட், மூன்று சென்ட் என மனை வாங்கினர். 2004இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. அத்திப்பள்ளி எல்லைக்கு அப்பால் பெங்களூரு வளர வளர, இப்பால் மனையின் விலையும் வளர்ந்தது. அன்று சில ஆயிரங்களுக்கு வாங்கிய மனை இன்று குடும்பத்தின் முழுச் செல்வமாக நிற்கிறது.

அன்று இளைஞராக வந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். மனை விலை உச்சத்திற்கு ஏறிய அதே காலத்தில், மனைக்கு உரியவர்களின் நினைவு தளரத் தொடங்கியிருக்கிறது. சிக்கலின் வேர் இங்கே உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தந்தைக்கு வயது எழுபத்தெட்டு. தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவி மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மூத்த மகன் உடன் வாழ்கிறார். சிறிய லேத் பட்டறை நடத்துகிறார். மகள் பெங்களூருவில், இளைய மகன் வெளிநாட்டில். தந்தை ஒரே வினாவை ஒரு மணி நேரத்தில் மூன்றுமுறை கேட்கிறார். சில மாலைகளில், "அம்மா இன்னும் கோயிலிலிருந்து வரவில்லையா?" என்று வாயிற்படியைப் பார்த்து நிற்கிறார். அவரைக் குளிப்பாட்டி, பொழுது சாயுமுன் உணவூட்டி, இரவில் எழுந்து பார்ப்பவர்கள் மூத்த மகனும் மருமகளுமே.

பட்டறையை விரிவாக்க வங்கிக் கடன் வேண்டும். வீடு தம் பெயரில் இருந்தால் கடன் கிடைக்கும். "அப்பாவே பலமுறை இந்த வீடு உனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்" என்கிறார் மகன், அதுவும் உண்மையே. பத்திர எழுத்தர் இரண்டு தாள்களை எழுதித் தருகிறார். ஒன்று, தாம் நல்ல நினைவோடும் பிறர் தூண்டுதலின்றியும் வீட்டைக் கொடுப்பதாகக் கூறும் உறுதிமொழிப் பத்திரம். அதற்கு நோட்டரி வழக்கறிஞரின் முத்திரை வேண்டும். மற்றொன்று, சார்பதிவாளர் முன் பதிய வேண்டிய செட்டில்மென்ட் பத்திரம்.

பல இடங்களில் அடுத்து நிகழ்வது இதுதான். "தாத்தா, இங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒன்று." பெரியவர் அழகாகக் கையெழுத்திடுகிறார். மூன்று நிமிடங்களில் முத்திரை விழுகிறது. இம்மகனைக் கொடியவர் என்று கூற எவராலும் இயலாது. ஆயினும் இங்கே ஒரு தவறு நிகழ்ந்திருக்கலாம், நிகழாமலும் இருந்திருக்கலாம். எது நிகழ்ந்தது என்பதை அறிவதற்கான வழியை அந்த மூன்று நிமிடங்கள் அடைத்துவிட்டன என்பதே குறை.

மறதியின் இயல்பு

மூப்பினால் வரும் இயல்பான மறதி வேறு, மறதிநோய் வேறு. கண்ணாடியை வைத்த இடம் மறப்பது முதல்வகை. கண்ணாடி எதற்கென்பதே மறப்பது இரண்டாம் வகை. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது.

1901இல் செருமனியின் பிராங்பர்ட் நகரில் அலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர், அகுஸ்டே என்னும் பெண்மணியிடம் அவர் பெயரை எழுதுமாறு கூறினார். 'திருமதி' என்னும் பொருள்படும் சொல்லை எழுதிய அவருக்கு, அதன்மேல் எழுத வேண்டியது மறந்துபோயிற்று. அந்நோய்க்குப் பின்னர் அம்மருத்துவரின் பெயரே வழங்கலாயிற்று. ஆனால் எல்லாரிடமும் அவ்வாறு நிகழ்வதில்லை. ஐம்பது ஆண்டுகள் சம்பளப் பட்டியலில் கையெழுத்திட்ட விரல்கள், மனம் தளர்ந்த பின்னும் அதே வளைவுகளோடு எழுதும். கையெழுத்து விரலின் பழக்கம். ஒப்புதல் அறிவின் செயல். முன்னது இருப்பதனாலேயே பின்னதும் இருக்கிறது என்று முடிவு கட்டலாகாது.

இதற்கு மறுதலையும் உண்டு. இன்று என்ன கிழமை என்று தெரியாத ஒருவர், தம் வீடு எது, பிள்ளைகள் யார், யாருக்கு எதைக் கொடுக்க விரும்புகிறார் என்பதைத் தெளிவாக அறிந்திருக்கலாம். சமண ஞானவியல் இதனைப் புரிந்துகொள்ள உதவும். மதிஞானம் நான்கு நிலைகளில் நிகழ்வது என்பர்: பொருளை முதற்கண் பற்றுவது அவக்கிரகம், இன்னதாகலாம் என ஆராய்வது ஈஹை, இன்னதே எனத் துணிவது அவாயம், துணிந்ததை உள்ளத்தில் இருத்திக்கொள்வது தாரணை. மறதிநோயின் தொடக்கத்தில் பெரும்பாலும் முதலில் தளர்வது தாரணை. பற்றுதலும் ஆராய்தலும் துணிதலும் அப்போதும் எஞ்சியிருக்கக்கூடும். காலையில் தெளிந்து துணிந்ததை மாலையில் மறந்துவிட்டதனால், காலைத் துணிவு பொய்யாகிவிடாது. நோய் முற்றும்போது துணியும் ஆற்றலும் குன்றும். எந்த நிலையில் ஒருவர் இருக்கிறார் என்பதைப் பொறுமையாகக் கேட்டறிதல் வேண்டும்; பார்வையால் மதிப்பிடலாகாது.

மற்றொரு செய்தியும் இங்கே இன்றியமையாதது. மறதி எல்லாமே மீளா நோயன்று. தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சிறுநீர்த் தொற்று, தலையில் பட்ட அடியால் உறையும் குருதி, சில மருந்துகளின் விளைவு ஆகியனவும் நினைவைக் குழப்பும். பி12 உயிர்ச்சத்துக் குறைவும் அவ்வாறே. புலால் நீத்த உணவில் இச்சத்து குறைவு. பாலும் தயிரும் ஓரளவே தருகின்றன. முதுமையில் அவற்றையும் குறைத்துக்கொள்வோர் நம்மிடையே உளர். எளிய இரத்தப் பரிசோதனையால் இதனைக் கண்டறியலாம். மாத்திரையாலோ ஊசியாலோ ஈடுசெய்யலாம். பத்திர எழுத்தரிடம் செல்லுமுன் மருத்துவரிடம் செல்லுதல் முறை. பெங்களூரில் நிம்ஹான்ஸ் நிறுவனம் ஓசூர் சாலையிலேயே அமைந்திருப்பது இப்பகுதியினர்க்கு வாய்த்த நற்பேறு.

சட்டம் கூறுவது

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 12ஆம் பிரிவில், ஒப்பந்தம் செய்யும் அந்த நேரத்தில் அதனைப் புரிந்துகொண்டு, தம் நலனுக்கு அதனால் விளைவது என்ன என்று பகுத்தறிந்து முடிவு செய்ய வல்லவரே தெளிந்த மனத்தினர் என்கிறது. வழக்கமாக மனம் தெளியாதவரும், தெளிந்திருக்கும் வேளையில் ஒப்பந்தம் செய்யலாம் என்றும் அப்பிரிவு இடம் தருகிறது. 16ஆம் பிரிவு மற்றொரு பக்கத்தைக் காக்கிறது. மூப்பாலோ நோயாலோ மனத்திறன் குன்றியவரிடம் செல்வாக்குடையவர், அதனைப் பயன்படுத்தி முறையற்ற ஆதாயம் அடைந்தால், அவ்வொப்பந்தத்தை நீக்கச் செய்யலாம்.

உயிலுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். இதன் 57ஆம் பிரிவு இந்து, பௌத்த, சீக்கியரோடு சமணரையும் பெயர் சுட்டியே கூறுகிறது. தாம் என்ன செய்கிறோம் என்று அறியாத நிலையில் ஒருவர் உயில் எழுத இயலாது என்பது 59ஆம் பிரிவின் விளக்கம். அவ்வறியாமை நோயால் வரினும் வேறு எதனால் வரினும் விதி ஒன்றே. 63ஆம் பிரிவின்படி இரு சாட்சிகள் வேண்டும்.

1870இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ வழக்கு இத்துறையில் இன்றும் வழிகாட்டி. உயில் எழுதியவர்க்கு மனநோய் இருந்தது உண்மை. எனினும் உயில் என்பது என்ன, தம் உடைமை எவ்வளவு, தம்மிடம் உரிமை எதிர்பார்க்கத்தக்கவர் யாவர் என்பவற்றை அறிந்திருந்தாரா, நோயின் மயக்கம் அம்முடிவைத் திரித்ததா என்பவையே வினாக்கள் என நீதிமன்றம் கூறி, அவ்வுயிலை ஏற்றது. நோயின் பெயர் ஒருவருடைய உரிமையைப் பறித்துவிடாது என்பது இதன் சாரம்.

எல்லைக்கு அப்பால் மைசூர்ப் பகுதியில் எழுந்த வழக்கொன்று இந்தியா முழுமைக்கும் அளவுகோலாயிற்று. வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா என்னும் அவ்வழக்கில் 1958 நவம்பர் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் மறைந்தபின் உயில் பேசுகிறது, ஆகவே, "இது உம்முடையதா?" என்று அவரைக் கேட்க இயலாது. கையெழுத்து நடுங்கியிருத்தல், மனம் தளர்ந்திருத்தல், இயல்புக்கு மாறான பங்கீடு, பயன்பெறுபவரே முன்னின்று உயிலை எழுதுவித்தல் ஆகிய ஐயங்கள் எழுமானால், கையெழுத்து மெய்யென்று காட்டுவது மட்டும் போதாது. உயிலைக் கொண்டுவருபவரே அவ்வையங்களை அகற்றவேண்டும் என அத்தீர்ப்பு உரைத்தது. அன்போடு பணி செய்த மகனும் பிற்காலத்தில் இவ்வினாக்களுக்கு விடை கூறியாக வேண்டும். அவரைக் காப்பதும் முறையான நடைமுறையே.

முத்திரையின் ஆற்றலும் எல்லையும்

நோட்டரி வழக்கறிஞர் 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசால் அமர்த்தப்படுபவர். ஆவணம் தம் முன்னிலையில் கையெழுத்தானதைச் சான்றுறுதி செய்வதும், உறுதிமொழி பெறுவதும், பதிவேடு வைத்திருப்பதும் அவர் கடமை. வராதவர் பெயருக்கு முத்திரையிடுவது பொய்ச்சான்று. நடத்தைக் கேடு மெய்ப்பிக்கப்பட்டால் அரசு அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம்.

அம்முத்திரை செய்ய இயலாதவையும் உள. வீடு, மனையின் கொடையை அது நிறைவேற்றாது. அதற்குப் பதிவு வேண்டும். பெங்களூருவில் கருநாடக முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் முத்திரை பெற்றுவிட்டால் ஓசூர் மனை கைமாறிவிட்டது என்று எண்ணுவோர் உளர், அஃது பிழை. இந்தியாவில் வாழும் ஒருவர், தமக்காகப் பிறர் பத்திரப்பதிவுக்கு முன்னிலையாக எழுதும் பவர் பத்திரமும், பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி, அவர் வாழும் பகுதியின் பதிவாளர் அல்லது சார்பதிவாளர் முன்னரே உறுதி செய்யப்பட வேண்டும்.

சார்பதிவாளருக்கும் கடமை உண்டு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 34, 35ஆம் பிரிவுகளில், எழுதிக்கொடுத்தவர் அவர்தாமா, எழுதிக்கொடுத்ததை ஒப்புகிறாரா என உசாவச் சொல்கிறது. மனத்தெளிவற்றவராக அவருக்குத் தோன்றினால் பதிவை மறுக்கவும் சொல்கிறது. உடல் தளர்ந்தவர்க்காக அலுவலர் வீட்டிற்கே வந்து பதிவு செய்ய 31, 38ஆம் பிரிவுகள் வழி வகுக்கின்றன. சக்கர நாற்காலியில் முதியவரைத் தூக்கிவந்து, வெயிலிலும் கூட்டத்திலும் காத்திருக்க வைத்து, களைத்த வேளையில் கையெழுத்துப் பெறவேண்டிய கட்டாயம் இல்லை.

கேட்க வேண்டிய முறை

மேற்கூறிய எடுத்துக்காட்டிற்கு மீள்வோம். அக்குடும்பம் பொறுமையுள்ள நோட்டரி ஒருவரிடம் சென்றதாகக் கொள்வோம். அவர் மகனைச் சற்று வெளியே அமரச் சொல்கிறார். பெரியவரின் கண்ணாடியும் காதுக்கருவியும் உள்ளனவா எனப் பார்க்கிறார். "இந்த வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்கவில்லை. அவ்வினாவிற்கு "ஆமாம்" என்பது விடையாகாது. மறதியுள்ளோர் பலர் தம் மறதியை மறைக்க எதற்கும் "ஆமாம்" என்பர். அவர் கேட்கும் முறை வேறு.

"ஐயா, இன்று எதற்காக வந்திருக்கிறீர்கள்?"

"வீட்டு விஷயமாக."

"உங்களுக்கு என்னென்ன சொத்து இருக்கிறது?"

"இந்த வீடு ஒன்றுதான். ஊரில் இருந்த நிலத்தைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்துவிட்டேன்."

"பிள்ளைகள் எத்தனை பேர், ஐயா?"

"மூன்று பேர். பெரியவன்தான் என்னைப் பார்த்துக்கொள்கிறான். வீடு அவனுக்குத்தான்."

"இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளை முதல் வீடு யாருடையது?"

"என்னுடையதுதான். என் காலத்திற்குப் பிறகு அவனுக்கு."

இந்த ஒரு விடையில் முழுச் சிக்கலும் வெளிப்பட்டுவிட்டது. பெரியவரின் விருப்பம் தெளிவு. உடைமை பற்றிய அறிவும் பிள்ளைகளைப் பற்றிய அறிவும் தெளிவு. ஆனால் அவர் கொடுக்க விரும்புவது உயில். முன்னே வைக்கப்பட்டது செட்டில்மென்ட். உயில் எழுதியவர் காலத்திற்குப் பின்னரே நடைமுறைக்கு வரும், மனத்தெளிவுள்ளவரை மாற்றலாம். செட்டில்மென்ட் நிறைவேறினால் உரிமை உடனே போய்விடும். கொடுத்தவர் மனம் மாறினார் என்பதற்காக மட்டும் அதனை மீட்க இயலாது. அவருக்கு மனத்திறன் இல்லை என்று விரட்டியிருந்தால் அவர் விருப்பம் மண்ணாகியிருக்கும். கேளாமல் முத்திரையிட்டிருந்தால் அவர் வீடு அவர் அறியாமலே போயிருக்கும். தவறு மனத்தில் இல்லை, தாளில் இருந்தது.

நோட்டரி முத்திரையிடவில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டு வேறொரு நாள் காலை வேளையில் வருமாறு கூறுகிறார். மறதியுள்ளோர் பலர்க்குப் பொழுது சாயுந்தோறும் குழப்பம் மிகும். காலை தெளிவான வேளை. வேறொரு நாளிலும் அதே விருப்பம் வெளிப்படுமானால் அது நிலைத்த விருப்பம் என்பது புலனாகும். மருத்துவர் சான்றும் ஒரு வரியில் அமையலாகாது. கண்ட நாள், நேரம், கேட்ட வினா, பெற்ற விடை ஆகியன அதில் இருத்தல் வேண்டும். காணொளிப் பதிவு துணை நிற்கும். ஆனால் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்கச் செய்த காணொளி எதிராகவே திரும்பும். பயன்பெறுபவர் அல்லாதார் சாட்சியாதல் நன்று.

ஓசூருக்கு உரிய மற்றொரு கவனமும் வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் வழங்கும் ஊர் இது. கையெழுத்திடுபவர் தமிழ் படிக்க அறியாதவராயின், அவர் மொழியில் படித்து விளக்கப்பெற்றதும், விளக்கியவர் பெயரும் ஆவணத்திலேயே எழுதப்பெற வேண்டும். முதுமையில் மறதி வரும்போது பின்னால் கற்ற மொழி முன்னே நழுவிப்போதலும் உண்டு. தாய்மொழியில் கேட்டால் விடை வரும்.

முடிவில் அம்மகனுக்கு வீட்டின்மேல் கடன் கிடைக்கவில்லை. பட்டறை விரிவாக்கம் தள்ளிப்போயிற்று. அறத்திற்கு ஒரு விலை உண்டு. சில நேரங்களில் நல்லவரே அதனைச் செலுத்த நேரிடும். எனினும் தந்தையின் விருப்பம் உயிலாயிற்று. மகளும் இளைய மகனும் அதனை அறிந்தனர். நாளை நீதிமன்றத்தில் உடன்பிறந்தார் எதிரெதிரே நிற்கும் நிலை பெரிதும் நீங்கிற்று.

காலத்தே செய்ய வேண்டியவை

நினைவு தெளிவாக உள்ளபோதே உயில் எழுதிவைத்தல் முதற்கடமை. பதிவு கட்டாயமன்று, செய்தல் நன்று. முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் பதிவுச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் வழி உண்டு. மகள்களுக்குரியதைப் பற்றித் தெளிவாக எழுதுக. சமணர்க்கும் பொருந்தும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி மகளும் முதல்நிலை வாரிசே. பங்கு தராவிடினும் காரணத்தை எழுதுதல் ஐயத்தைப் போக்கும்.

செட்டில்மென்ட் எழுதியே ஆகவேண்டுமெனில் இரண்டு கூறுகள் அதில் இருத்தல் வேண்டும். தம் வாழ்நாள் முழுதும் அவ்வீட்டில் வாழும் உரிமை ஒன்று. தம்மைப் பேணவேண்டும் என்னும் நிபந்தனை மற்றொன்று. அந்நிபந்தனையை ஏற்றவர் பேணத் தவறினால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ், தீர்ப்பாயம் அக்கொடையைச் செல்லாததாக்கலாம்.

"பவர் எழுதி வைத்திருக்கிறோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்னும் எண்ணம் பலரிடம் உள்ளது. ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் பவர் முடிவுக்கு வந்துவிடும். அதாவது, எப்போது அது மிகவும் வேண்டப்படுகிறதோ அப்போதே அது உயிரிழக்கிறது.

நினைவு முற்றும் தளர்ந்தபின் செய்யத்தக்கது யாது? கையைப் பிடித்து ரேகை வைப்பது கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் சொத்துக்குக் காப்பாளர் அமர்த்தும் ஏற்பாடு இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் தரும் காப்பாளர் முறையும் மறதிநோயைத் தழுவவில்லை. ஆதலின் குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தை நாடுகின்றனர். 2019இல் கேரள உயர் நீதிமன்றம் நினைவிழந்து கிடப்போர்க்குக் காப்பாளர் அமர்த்தும் நெறிமுறைகளை வகுத்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் அத்தகைய நிலையிலிருந்த ஒருவருக்கு மனைவியையே காப்பாளராக்கியது. இது நீண்ட வழி, ஆயினும் நேர்வழி.

நிறைவாக

கற்றோர் பலர் நிறைந்த சமூகம் இது. வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் ஒவ்வோர் ஊரிலும் உளர். ஆண்டில் ஒருநாள், பத்து நாள் பருவம் நிறைந்து ஒருவரையொருவர் மன்னிப்புக் கோரும் நாளையொட்டி, உயில் பற்றியும் மறதிநோய் பற்றியும் முதியோர்க்கு வழிகாட்டும் கூட்டம் ஒன்றை அறக்கட்டளைகள் நடத்தலாம். பிள்ளைகள் மூவரும் கூடியிருக்கும் அந்நாளில் பெற்றோர் தம் விருப்பத்தை வாய்விட்டுக் கூறினால், பின்னர் நோட்டரியும் சார்பதிவாளரும் நீதிபதியும் தேடவேண்டியது பெரிதும் குறையும்.

ஞானாவரணீய வினை உயிரின் அறிவை மறைக்குமேயன்றி அழிக்காது என்பது ஜினநெறி. மேகம் சூழ்ந்த ஞாயிறு போல அறிவு உள்ளே இருக்கிறது. வாயிற்படியில் நின்று மறைந்த மனைவியைத் தேடும் பெரியவரும் அத்தகைய ஓர் உயிரே. அவர் பொன்னின் எண்ணிக்கையை மறந்து குறைத்துக் கேட்கலாம். வைத்திருக்கும் பிள்ளை, "இல்லை அப்பா, நீங்கள் வைத்தது இதைவிட அதிகம்" என்று எடுத்துக்கூறி முழுதும் கொடுப்பாராயின், அவ்வில்லத்தில் அணுவிரதம் நிலைத்திருக்கிறது என்று பொருள்.

அறம் வளர்க! அனைத்துயிரும் நலம் பெறுக! ஜெய் ஜினேந்திரா!